ஆர்.சி. மாப்பிள்ளை, சி.எஸ்.ஐ. பொண்ணு: பண்டிகை நெருங்கினால் வரும் கேள்விகள்

எங்கள் வீடு தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம், தலைமுறை தலைமுறையாக சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை என்கிற புராட்டஸ்டண்ட் சபை. வீட்டுக்காரர் தூத்துக்குடி, ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கர். கல்யாணம் முடிந்து 14 கிறிஸ்துமஸ் பார்த்தாயிற்று. இப்போது மதுரையில் இருக்கிறோம், இரண்டு பிள்ளைகள். சொந்தத்தில் யாராவது இந்த மாதிரி கல்யாணம் பேசினால் எனக்குத்தான் போன் வரும், அதிலும் நவம்பர் கடைசி என்றால் கேட்கவே வேண்டாம். எல்லாம் கிட்டத்தட்ட ஒரே கேள்விகள். ஒவ்வொரு தடவையும் முக்கால் மணி நேரம் பேசுவதற்கு எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. நான் இறையியல் படித்தவள் இல்லை. சபைச் சட்டம் வருகிற இடங்களில் வீட்டுக்காரர் பக்கத்துப் பங்குச் சாமியாரிடமும் எங்கள் சபைப் போதகரான சேகரகுருவிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், மற்றதெல்லாம் பட்டுத் தெரிந்தது.

இரண்டு பேரும் கிறிஸ்தவர்கள்தானே, இதில் என்ன சிக்கல்?

எங்கள் ஆபீஸில் எல்லோரும் கேட்பது இதுதான். ஒரே டிசம்பர் 25, ஒரே ஈஸ்டர் ஞாயிறு. சிக்கலே அதுதான். ஒருவர் இந்து, ஒருவர் கிறிஸ்தவர் என்றால் தீபாவளிக்கு இந்த வீடு, கிறிஸ்துமஸுக்கு அந்த வீடு என்று முடிந்துபோகும். எங்களுக்கு இரண்டு வீட்டிலும் ஒரே நாளில் பண்டிகை, ஒரே மணிக்கு இலை. இத்தனை வருடத்தில் நாங்கள் போட்ட சண்டைகளை எண்ணிப் பார்த்தால் மாதாவைப் பற்றியோ போப்பைப் பற்றியோ ஒன்றுகூடத் தேறாது, எத்தனை மணிக்குக் கிளம்புவது, யார் வீட்டில் சாப்பிடுவது, உங்கள் அம்மா ஏன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள், இவ்வளவுதான். அந்த மாதிரிச் சண்டையை உட்கார்ந்து நேரம் பிரித்தால் தீர்த்துவிடலாம். பிரித்தும் தீராத இடம் ஒன்றிரண்டு இருக்கிறது, அது வரும்போது சொல்கிறேன்.

கிறிஸ்துமஸ் ராத்திரி எந்தக் கோயிலுக்குப் போவது?

முதலில் இரண்டு பக்கத்து நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அவர்கள் பக்கம் 24ஆம் தேதி ராத்திரி 11.30க்குப் பாட்டு ஆரம்பிக்கும், 12 மணி வாக்கில் வானவர் கீதம் பாடும்போது மணி அடித்து, குழந்தை இயேசு சுரூபத்தைக் கொண்டுவந்து குடிலில் வைப்பார்கள், முடிந்து வெளியே வந்து கை குலுக்கிக் கேக் சாப்பிடும்போது ஒன்றரை, இரண்டு ஆகிவிடும். எங்கள் பக்கம் ராத்திரி முழுக்க வாலிபர்கள் கேரல் பாடிக்கொண்டு வீடு வீடாக வருவார்கள், பெரிய ஆராதனை 25ஆம் தேதி அதிகாலை நாலரை, ஐந்து மணிக்கு. கடிகாரப்படி இரண்டும் முட்டவில்லை. நடுவில் மூன்று மணி நேரம் இருக்கிறதே, அதில் ஒரு மணி நேரம் கார் என்றால் போதாதா?

போதாது. முதல் வருடம் அப்படித்தான் செய்தோம். பட்டுச்சேலையைக் கசக்காமல் காரில் தூங்க முயற்சி செய்து, ஐந்து மணிக்கு எங்கள் ஊர்க் கோயிலில் உட்கார்ந்தால், பிரசங்கம் ஆரம்பித்த ஐந்தாவது நிமிடம் புது மாப்பிள்ளை பெஞ்சில் சாய்ந்து குறட்டை. ஊர் முழுக்கப் பார்த்தது. இன்றைக்கும் என் சித்தப்பா அதைச் சொல்லிச் சிரிப்பார். பிள்ளைகள் பிறந்த பிறகு இந்த ஓட்டம் நினைத்தே பார்க்க முடியாது.

இப்போது ஒரு வருடம் விட்டு ஒரு வருடம். தூத்துக்குடி வருடம் என்றால் நள்ளிரவுப் பூசை, நன்றாகத் தூக்கம், மத்தியானத்துக்கு மேல் எங்கள் ஊர். நாசரேத் வருடம் என்றால் 24 ராத்திரியே அங்கே போய்ப் படுத்து, அதிகாலை ஆராதனைக்கு எல்லோரும் சேர்ந்து போவோம், அதன் பிறகு அவர் மட்டும் குளித்துவிட்டுப் பக்கத்து ஊர் ஆர்.சி. கோயிலில் எட்டு மணிப் பூசைக்குப் போய்விட்டு இட்லிக்கு வந்துவிடுவார். கத்தோலிக்கத் திருச்சபையில் கிறிஸ்துமஸுக்கு நள்ளிரவு, விடியல், பகல் என்று தனித்தனிப் பூசைகள் இருக்கின்றன, நள்ளிரவில் போனால்தான் கணக்கு என்பது இல்லை. இந்த ஒரு விஷயம் தெரியாமல் இரண்டு வருடம் வீணாகச் சண்டை போட்டோம்.

அவர் சி.எஸ்.ஐ. ஆராதனைக்கு வந்தால் அதுவே பூசைக்குப் பதிலாக ஆகாதா?

ஆகாது. கத்தோலிக்கர்களுக்கு ஞாயிறும் கிறிஸ்துமஸும் கடன் திருநாள், அன்றைக்குக் கத்தோலிக்கப் பூசையில் பங்கெடுக்க வேண்டும். வேறு சபை ஆராதனையில் தாராளமாக உட்காரலாம், பாடலாம், ஜெபிக்கலாம், ஆனால் அந்தக் கடன் அதில் தீராது. முந்தின நாள் சாயங்காலப் பூசை கணக்கில் சேரும் என்பது பெரிய வசதி. 24 சாயங்காலம் பூசை வைக்கிற பங்கு பக்கத்தில் இருந்தால் பாதிப் பிரச்சனை அங்கேயே தீர்ந்தது.

ஒரு நுணுக்கம் மட்டும். கிறிஸ்துமஸ் திங்கட்கிழமை வந்தால், 2023இல் வந்தது போல, ஞாயிறு ஒரு கடன், கிறிஸ்துமஸ் ஒரு கடன். ஞாயிறு சாயங்காலம் ஒரே பூசைக்குப் போய் இரண்டையும் தீர்த்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. வீட்டுக்காரர் சொல்லிப் பார்த்தார், சாமியார் சிரித்துவிட்டு முடியாது என்றுவிட்டார். அடுத்தது 2028இல் வருகிறது.

எங்கள் பக்கம் இப்படிச் சட்டம் போட்டு எழுதி வைத்திருப்பது குறைவு. அதனால் விட்டுக்கொடுப்பது எப்போதும் சி.எஸ்.ஐ. பக்கமாகவே போய்விடும், ஜாக்கிரதை. ‘உனக்குக் கட்டாயம் இல்லையே, எனக்குக் கட்டாயம்’ என்பது கேட்க நியாயமாக இருக்கும். சட்டம் இல்லை என்பதற்காக விடியற்காலை ஐந்து மணிக்கு அப்பா பக்கத்தில் நின்று பாட வேண்டும் என்கிற ஆசை எனக்குச் சின்னதாகிவிடாது. நான் இதை வாய்விட்டுச் சொல்ல நாலு வருடம் ஆனது.

நற்கருணை நேரத்தில் என்ன செய்வது? எல்லோரும் எழுந்து போகும்போது நான் மட்டும் உட்கார்ந்திருப்பது கஷ்டமாக இருக்கிறது.

இதுதான் நான் சொன்ன தீராத இடம். கத்தோலிக்கச் சட்டப்படி வேறு சபையைச் சேர்ந்தவர் சாதாரணமாக நற்கருணை வாங்க முடியாது. சாகும் தறுவாய் போன்ற நெருக்கடிக்கு விதிவிலக்கு உண்டு, கிறிஸ்துமஸுக்கு மாமியார் வீட்டுக்கு வந்தது அதில் சேராது. எங்கள் பக்கத்தில் அவ்வளவு கெடுபிடி இல்லை, அவர் திருவிருந்துக்கு (நற்கருணையை நாங்கள் அப்படிச் சொல்வோம்) வந்து முழங்கால் போட்டால் எங்கள் ஐயர், அதாவது போதகர், விரட்டமாட்டார், ஆனால் அவருடைய சபைச் சட்டம் அவரை வாங்கவிடாது. ஆக, அவர்கள் கோயிலில் நான் உட்கார்ந்திருப்பேன், எங்கள் கோயிலில் அவர் உட்கார்ந்திருப்பார்.

ஆரம்பத்தில் நான் அழுதிருக்கிறேன். முன் வரிசையில் உட்கார்ந்துவிட்டு வழிவிட்டு ஒதுங்கி நிற்கும்போது ஏதோ குற்றம் செய்தவள் மாதிரி இருக்கும். இதற்கு நான் கண்ட வழிகள் சின்னச் சின்னவைதான். பெஞ்சின் ஓரத்தில் உட்காராமல் நடுவில் உட்காருங்கள், யாரும் உங்களைத் தாண்டிப் போக வேண்டாம் என்றால் சுவர் ஓரம். சில பங்குகளில் கையை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு போனால் சாமியார் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிப்பார், ஆனால் எல்லா இடத்திலும் அந்த வழக்கம் கிடையாது, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ‘யாருக்குத் தெரியப்போகிறது, வாங்கிக்கொள்’ என்று சொந்தக்காரர்கள் காதில் ஓதுவார்கள். என் நாத்தனாரே சொன்னாள், பிரியத்தில்தான் சொன்னாள். நான் போகவில்லை. வாங்கினால் அவர்கள் நம்பிக்கையை நான் ஏமாற்றியது மாதிரி இருக்கும் என்று எனக்குப் பட்டது, உங்களுக்கு வேறு மாதிரிப் படலாம். 1947இல் ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட் என்று தனித்தனியாகக் கிடந்த சபைகள் சேர்ந்துதான் சி.எஸ்.ஐ. ஆனது, என்றைக்காவது இதுவும் சேரும் என்பார் என் அப்பா. சேரட்டும். அதுவரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

மத்தியானச் சாப்பாடு யார் வீட்டில்?

கோயிலை விட இதுதான் கடினம். கோயிலுக்கு அட்டவணை இருக்கிறது, அம்மாவுக்கு அட்டவணை கிடையாது.

நாங்கள் கண்டுபிடித்தது, எந்த வீட்டில் கோயிலோ அந்த வீட்டில் காலைச் சாப்பாடும் மத்தியானமும், மற்ற வீட்டில் ராத்திரியும் மறுநாள் முழுக்கவும். 26ஆம் தேதியை ‘மிச்சம் மீதி நாள்’ ஆக்கிவிடாமல் அதையே பண்டிகையாக ஆக்க வேண்டும், அதற்கு அந்த வீட்டில் ஒரு ஆள் ஒத்துழைக்க வேண்டும். எங்களுக்கு என் அம்மா ஒத்துழைத்தார்கள். எங்கள் முறை இல்லாத வருடம் ஆட்டுக்கறியை 26ஆம் தேதிக்கென்று தள்ளி வைத்துவிட்டு, 25 மத்தியானம் அவர்களும் அப்பாவும் எளிதாகச் சாப்பிட்டுவிடுவார்கள். அத்தை அப்படி இல்லை. மகன் வரவில்லை என்றாலும் 25ஆம் தேதி மத்தியானம் அவனுக்கு இலை போட்டு, அந்த இலையை போட்டோ எடுத்து அனுப்புவார்கள். நாலைந்து வருடம் அனுப்பினார்கள். ஒரு வருடம் அந்த போட்டோவுக்குப் பதிலாக நாங்கள் வீடியோ காலில் வந்து, இங்கே எங்கள் இலையையும் அவர்களுக்குக் காட்டி, சேர்ந்தே சாப்பிட்டோம். அதற்கப்புறம் போட்டோ நின்றது.

முடிவை நவம்பரிலேயே எடுங்கள், இரண்டு பேரும் தனியாகப் பேசி எடுங்கள், அவரவர் அம்மாவிடம் அவரவர் சொல்லுங்கள். மருமகள் போன் போட்டு ‘அத்தை, இந்த வருடம் வரவில்லை’ என்று சொன்னால் அது அவள் எடுத்த முடிவாகவே காலத்துக்கும் நிற்கும். முறுக்கு, முந்திரிக்கொத்து, அதிரசம் எல்லாம் இரண்டு வீட்டிலும் ஒன்றுதான், ஆகவே பலகாரத் தட்டு இரண்டு திசையிலும் போகட்டும். யார் வீட்டு அதிரசம் மெத்தென்று இருந்தது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

2026இல் கிறிஸ்துமஸ் வெள்ளிக்கிழமை என்று இப்போதே அத்தை கேட்டார்கள், கறி சமைக்கலாமா என்று. சமைக்கலாம். பெருவிழா வெள்ளிக்கிழமை வந்தால் சுத்தபோசனக் கட்டுப்பாடு, அதாவது வெள்ளிக்கிழமை கறி தவிர்க்கிற சட்டம், கிடையாது.

வீட்டு ஜெபம் எந்த முறையில்?

ஜெபமா செபமா என்பதிலேயே ஆரம்பிக்கும். நாங்கள் ஜெபம், அவர்கள் செபம். நாங்கள் கர்த்தர், பரிசுத்த ஆவி, ஞானஸ்நானம். அவர்கள் ஆண்டவர், தூய ஆவி, திருமுழுக்கு. கல்யாணமான புதிதில் மாமா ராத்திரி ஜெபம் சொல்லச் சொன்னார், நான் ‘பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே’ என்று ஆரம்பிக்க, அவர்கள் எல்லோரும் ‘எங்கள் தந்தையே’ என்று வேறு வழியில் போக, கடைசியில் அவர்கள் ஆமென் சொல்லி முடித்த பிறகும் நான் மட்டும் ‘ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்’ என்று தனியாக ஓடிக்கொண்டிருந்தேன். பூசையில் அந்த வரி வரத்தான் செய்கிறது, நடுவில் சாமியார் ஒரு ஜெபம் சொன்ன பிறகு வரும், அது எனக்கு அப்போது தெரியாது.

எங்கள் ஏற்பாடு எளிது. யார் வீட்டில் இருக்கிறோமோ அந்த வீட்டு வார்த்தை. மதுரையில் எங்கள் வீட்டில் பெரியவள் ஆரம்பிக்கிற மாதிரி. அவள் கலந்து கட்டிச் சொல்வாள். வேதம் வாசிக்க 1995இல் இரண்டு பக்கத்தாரும் சேர்ந்து கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பு வைத்திருக்கிறோம், எங்களுடைய 66 புத்தகமும் அவர்களுடைய 73உம் அதில் அடங்கும். ஆனாலும் சங்கீதம் 23 மட்டும் எனக்குப் பழைய மொழியில்தான் வேண்டும், அதை யாரும் தொடக் கூடாது.

செபமாலை சொல்லும்போது நான் கூடவே உட்காருவேன், மணியை உருட்டமாட்டேன். யாரும் என்னை வற்புறுத்தியது இல்லை. உங்கள் வீட்டில் வற்புறுத்தினால் மனைவியோ கணவனோ நடுவில் வந்து பேச வேண்டும், வேறு யார் பேசினாலும் வேலைக்காகாது.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில்?

கிறிஸ்துமஸை விட இது சுலபம், நிறையப் பேர் நம்பமாட்டார்கள். பெரிய வெள்ளியன்று எங்கள் கோயிலில் 12 முதல் 3 வரை மும்மணி ஆராதனை, சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கும் ஏழு பேர் பிரசங்கம் செய்வார்கள். அவர்களுக்கு அன்றைக்குப் பூசையே கிடையாது, காலையில் சிலுவைப்பாதை, மூன்று மணிக்கோ சாயங்காலமோ பாடுகளின் வாசிப்பும் சிலுவை முத்தியும். மதுரையில் இரண்டுக்கும் ஒரே நாளில் போய்விடுகிறோம். விருந்து இல்லை என்பதால் யாரும் யாரையும் சாப்பிடக் கூப்பிடுவதில்லை, பாதி நிம்மதி அதிலேயே. அவருக்குச் சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி, அதாவது 18 முதல் 59 வயது வரை ஒரு வேளைதான் முழுச் சாப்பாடு, கறி கிடையாது. எங்களுக்கு அப்படிக் கட்டாயச் சட்டம் இல்லாவிட்டாலும் எங்கள் ஊரில் லெந்து நாள், அதாவது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம், முழுக்கக் கறி எடுக்காத வீடுகள் நிறைய. என் அப்பா நாற்பது நாளும் தொடமாட்டார். இதைக் கேட்டபோதுதான் மாமாவுக்கு எங்கள் குடும்பத்தின் மேல் மரியாதையே வந்தது என்று நினைக்கிறேன்.

ஈஸ்டருக்கு அவர்கள் சனிக்கிழமை ராத்திரி, புது நெருப்பு மூட்டி பாஸ்கா திரி என்கிற பெரிய மெழுகுவர்த்தியை ஏற்றுவார்கள். நாங்கள் ஞாயிறு விடியற்காலை. கிறிஸ்துமஸ் மாதிரியே ஒருவருக்கு ராத்திரி, ஒருவருக்கு விடியல். கிறிஸ்துமஸ் யார் பக்கமோ ஈஸ்டர் மற்றவர் பக்கம் என்று வைத்துக்கொண்டால் ஒரே வருடத்தில் இரண்டு வீடும் சமன்.

மாதா திருவிழாவுக்கு சி.எஸ்.ஐ. மருமகள் போகலாமா?

தூத்துக்குடியில் ஜூலை 26 பனிமய மாதா கோயிலில் கொடி ஏறினால் ஆகஸ்ட் 5 வரை ஊரே வேறு மாதிரி ஆகிவிடும். வீட்டில் பத்து நாளும் விருந்தாளிகள். போகாமல் இருப்பது நடக்காத காரியம். நான் போகிறேன், கூட்டத்தில் நிற்கிறேன், அத்தை கையைப் பிடித்துக்கொள்கிறேன், மெழுகுவர்த்தி கொளுத்துவதில்லை. எங்கள் ஊரில் சிலர் இதற்கே பேசினார்கள். விக்கிரகம், கட்டளை என்று வசனம் சொன்னார்கள். அத்தை முட்டி வலியோடு அத்தனை தூரம் நடப்பது எதற்காக என்று அவர்கள் யாரும் கேட்டதில்லை, நான் கேட்டிருக்கிறேன், பதிலை இங்கே எழுதமாட்டேன்.

பதிலுக்கு அவர் எங்கள் அசனப் பண்டிகைக்கு ஒரு வருடம் தவறாமல் வருகிறார். ஊர் முழுக்கச் சேர்ந்து சமைத்து, சாதி பணம் பார்க்காமல் வரிசையில் உட்கார வைத்துச் சாப்பாடு போடுவது. அண்டாவில் சோறு வடிக்கிற கூட்டத்தில் மேல்சட்டை இல்லாமல் நிற்கும் ஒரே ஆர்.சி. அவர்தான். சபைக்குக் காணிக்கையாக வந்த விளைச்சலை ஏலம் விடும் அறுப்பின் பண்டிகையில் ஒரு பூசணிக்காயை நாங்கள் வாங்கிய விலையைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

பிள்ளைகள் எந்தப் பக்கம்?

கல்யாணத்துக்கு முன்னாலேயே பேசுங்கள், பிறந்த பிறகு பேசாதீர்கள். ஆர்.சி. கோயிலில் கல்யாணம் என்றால் ஆயரின் (பிஷப்பின்) அனுமதி வேண்டும், அதற்குக் கத்தோலிக்கராக இருப்பவர் தன் நம்பிக்கையை விடமாட்டேன், பிள்ளைகளுக்குக் கத்தோலிக்கத் திருமுழுக்குக் கொடுத்து வளர்க்க என்னால் ஆனதைச் செய்வேன் என்று வாக்குக் கொடுப்பார். மற்றவர் வாக்குக் கொடுக்க வேண்டியதில்லை, அப்படி ஒரு வாக்கு இருக்கிறது என்று அவருக்குத் தெரிவிப்பார்கள். பழைய காலத்தில் இரண்டு பேரும் எழுதிக் கொடுக்க வேண்டும், 1970க்குப் பிறகு அது மாறியது. நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை, ஆனால் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், சம்மதித்தும்தான் உட்கார்ந்திருந்தேன்.

பிள்ளைகள் ஆர்.சி. பெரியவள் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கியபோது வெள்ளை கவுன் தைத்தது என் அம்மா. விடுமுறைக்கு நாசரேத் போனால் ஓய்வுநாள் பள்ளிக்குப் போய் வசனம் மனப்பாடம் செய்து பரிசு வாங்கி வருகிறாள். ஆனால் பாட்டி, தாத்தா யாரும் பிள்ளைகளைத் தனியாக உட்காரவைத்து ‘உனக்கு எந்தக் கோயில் பிடிக்கும்’ என்று கேட்கக் கூடாது. இரண்டு வீட்டுக்கும் இதை மட்டும் கடுமையாகவே சொல்லி வைத்திருக்கிறோம்.

பெந்தெகொஸ்தே சொந்தக்காரர்கள் வந்து குழப்பினால்?

காபி கொடுத்து அனுப்புங்கள். எங்கள் இரண்டு ஞானஸ்நானமும் செல்லாது, முழுக்கு எடுக்க வேண்டும் என்று ஒருவர் வந்தார். அன்றைக்கு மாமாவும் அப்பாவும் ஒரே பக்கம் நின்று வாதாடியதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும்.

டிசம்பர் 31?

எங்களுக்கு வருடக் கடைசி ஆராதனை, அவர்களுக்கு நன்றி வழிபாடும் புத்தாண்டுப் பூசையும், இரண்டும் ஒரே நள்ளிரவு. பிரிக்கவே முடியாது. நாங்கள் அன்றைக்கு மட்டும் தனித்தனியாகப் போகிறோம், வெட்கப்பட எதுவும் இல்லை. பெரியவள் அப்பாவோடு, சின்னவன் என்னோடு. ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்து நான் வாங்கி வந்த, புது வருடத்துக்கான வேத வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டையைச் சத்தமாக வாசித்துவிட்டுப் படுப்போம்.

கடைசியில் கல்லறை எங்கே?

பண்டிகையைப் பற்றிக் கேட்டுக்கொண்டே வந்து முடிவில் குரலைத் தாழ்த்தி இதைக் கேட்பார்கள், பெரும்பாலும் நவம்பர் 2, கல்லறைத் திருநாள் முடிந்த கையோடு. அவர்கள் பக்கம் அன்றைக்குக் கல்லறைக்கு வெள்ளையடித்து, பூப் போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, சாமியார் வந்து மந்திரிப்பார், அதாவது ஆசீர்வதிப்பார். மாமா இப்போது அங்கேதான் இருக்கிறார். நான் போய்ப் பூப் போடுகிறேன், மாமாவுக்கு மெழுகுவர்த்தியும் ஏற்றுகிறேன், திருவிழாவில் ஏற்றாதவள் இங்கே ஏன் ஏற்றுகிறாய் என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது.

எங்களுக்கு எந்தக் கல்லறைத் தோட்டம் என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஊர்ச் சபைக்கு என் பேரில் சந்தா இன்றைக்கும் போய்க்கொண்டிருக்கிறது, அப்பா கட்டுகிறார். நிறுத்தச் சொல்லி வீட்டுக்காரர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. போன வருடம் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது அந்த ரசீதுப் புத்தகத்தை எடுத்துப் போய் அவரே கட்டிவிட்டு வந்தார்.